அது குட்டி இல்லை

பிரசவ விடுப்பு முடிந்து அருங்காட்சியகத்துக்குள் காலடி வைத்த முதல் நாளே எலும்பக்காவுக்கு ரத்தம் கொதித்தது. புதுக் கூடத்தின் கூரையிலிருந்து தொங்கிய இரண்டு திமிங்கலங்களை அண்ணாந்து பார்த்தாள். தோளில் இருந்த பையை இறக்கவும் மறந்து, "எந்தப் புண்ணியவான் இதை இப்படித் தொங்கவிட்டது?" என்று அவள் போட்ட சத்தத்தில், ஏணி உச்சியில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்த வெல்டர் ஸ்பேனரை நழுவவிட்டார். நல்லவேளை, கீழே யார் மண்டையும் இல்லை.

கடல் விலங்குகளின் எலும்புகள் அவள் பொறுப்பு. அதனால் வாயில்காவலர் முதல், அவளைவிட வயதில் மூத்த வெல்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் எலும்பக்காதான். அந்தப் பெரிய எலும்புக்கூடு இருக்கிறதே, நீலத் திமிங்கலம், அதைக் கடற்கரையில் அழுகிய சதையிலிருந்து பிரித்தெடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. அந்த நாற்றம் தலைமுடியை விட்டுப் போகவே வாரக்கணக்கில் ஆனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள், அவள் அசரவில்லை. அத்தனை பாடுபட்டு எடுத்து வந்த எலும்பை, அவள் வீட்டில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த சமயம் பார்த்து, யாரோ கேலிக்கூத்தாக்கி வைத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். பெரியதற்குக் கீழே இன்னொரு சின்ன எலும்புக்கூடு தொங்கியது. சின்னது என்றால் ஒரு லாரி நீளம். அது குட்டியாம். பெரியதின் இரண்டு துடுப்புகளையும் உள்பக்கமாக வளைத்து, நெஞ்சுக்கு நேர் கீழே அந்தக் குட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு நிற்கிற அம்மா மாதிரி இருந்தது. கீழே பலகையில், தூரத்திலிருந்தே படிக்கிற பெரிய எழுத்தில் 'தாயும் சேயும்'.

"அண்ணே, திமிங்கலத்துக்குப் பால் எங்கே சுரக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

"நான் என்னத்தைக் கண்டேன்மா! நான் இரும்பைப் பார்ப்பேனா, அதைப் பார்ப்பேனா?"

"வால் பக்கம்ணே. வயிறு முடியுற இடத்துல ரெண்டு பிளவு இருக்கும். காம்பு அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். குட்டிக்கு நம்ம பிள்ளைங்களை மாதிரி உதடு கிடையாது, சப்பிக் குடிக்க முடியாது. பக்கத்துல வாயைக் கொண்டுபோனா அம்மாவே பீய்ச்சி விடும். பற்பசை மாதிரி கெட்டிப் பால், தண்ணியில கரையாது. இங்கே நெஞ்செலும்புக்குக் கீழே கட்டி வெச்சிருக்கீங்களே, இது என்னத்தைக் குடிக்கும்? காத்தையா?"

வெல்டர் பாவம், தலையைச் சொறிந்தார். "இயக்குநர் ஐயாதான் நின்னு பார்த்துச் செய்யச் சொன்னாரு. கையில குழந்தை இருக்கணும், பார்க்கிற ஜனங்க கண்ணு கலங்கணும்னாரு. எனக்கென்னம்மா, சொன்ன இடத்துல ஓட்டை போட்டேன்."

"என் கண்ணு கலங்குது இப்போ. இறங்குங்க, நான் ஏறுறேன்."

அந்த ஏணியில் ஏறியதுதான் வினை. பக்கத்தில் போய்ப் பார்த்ததும், குட்டி தொங்குகிற இடம் மட்டும் தப்பில்லை என்று தெரிந்துபோயிற்று. திமிங்கலத்தின் முதுகெலும்பில் ஒவ்வொரு கண்ணிக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தட்டு மாதிரி மூடி உண்டு. குட்டியாக இருக்கும்போது அந்தத் தட்டு ஒட்டாமல் நிற்கும், டப்பா மூடியைப் போலக் கழற்றிவிடலாம். வளர வளர எலும்போடு ஒட்டும். கழுத்துப் பக்கமும் வால் பக்கமும் முதலில் ஒட்டும், நடு முதுகு எல்லாவற்றுக்கும் கடைசி. அங்கேயும் ஒட்டி முடிந்து, ஒட்டிய தடமே இல்லாமல் போனால், அந்த விலங்கு இனி ஒரு விரல்கடை கூட வளராது என்று அர்த்தம்.

எலும்பக்கா குட்டியின் நடு முதுகில் விரலை வைத்துத் தடவினாள். வழவழவென்று இருந்தது. தடமே இல்லை. முகத்தைப் பார்த்தாள். நீலத் திமிங்கலத்தின் மூக்கு அகலமாக, வளைவாக இருக்கும். இதன் மூக்கோ ஈட்டி மாதிரி கூர். இது நீலத் திமிங்கலமே இல்லை. மிங்கி என்று ஒரு சிறிய இனம் உண்டு, வளர்ந்து முடிந்தாலே அவ்வளவுதான் இருக்கும். நீலத் திமிங்கலத்தின் பச்சைக்குட்டியும் கிட்டத்தட்ட அதே நீளம். கிடங்கில் சீட்டு எதுவும் இல்லாமல் கிடந்த பழைய பெட்டியைத் திறந்தவர்கள், நீளத்தை மட்டும் அளந்துவிட்டு 'ஆகா, குட்டி!' என்று குதித்திருக்கிறார்கள். அட கஷ்டமே!

அதோடு போயிற்றா? பெரியதின் நடு முதுகில் இன்னும் தட்டு ஒட்டி முடியவில்லை. அது அவளுக்கு முன்னமே தெரியும், அவளே கழுவி அடுக்கிய எலும்பு. ஆக, முழுசாக முற்றாத ஒரு இளசின் நெஞ்சில், வேறு இனத்துப் பழுத்த பெரிசு ஒன்று பால்குடிக் குழந்தையாகத் தொங்குகிறது.

ஏணி உச்சியில் உட்கார்ந்து எலும்பக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அண்ணே, இது குட்டி இல்லைண்ணே. கிழடு! அம்மாவை விடப் பிள்ளைக்கு வயசு அதிகம்!"

வெல்டரும் சிரித்தார். அப்புறம் இரண்டு பேருக்கும் வெள்ளிக்கிழமை திறப்பு விழா என்பது ஞாபகம் வந்தது.

நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் தேன்பாட்டில். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் முதலில் தேநீர் வரும், அப்புறம் 'அம்மா' வரும், அப்புறம் அவர் நினைத்ததுதான் நடக்கும். அன்றைக்கும் அப்படியே ஆனது.

"வாங்கம்மா வாங்க! குட்டிப் பாப்பா எப்படி இருக்கா? தூங்க விடுறாளா? உட்காருங்க, தேநீர் சொல்றேன்."

அவள் உட்காராமல் எல்லாவற்றையும் கொட்டினாள். பால் சுரக்கும் இடம், தட்டு, மூக்கு, எல்லாம். அவர் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா ஜனங்க எலும்பைப் பார்க்கவா வர்றாங்க? ஒரு உணர்ச்சி வேணும்மா. தாய்ப்பாசம்னா உலகத்துல யாருக்குத்தான் புரியாது? விழா முடியட்டும், அப்புறம் ஆற அமர மாத்திக்கலாம்."

"அப்புறம்னா எப்போ சார்? நான் திங்கக்கிழமை கப்பல் ஏறிடுவேனே."

தேன்பாட்டில் தேநீர்க் கோப்பையை எடுத்து ஊதினார். ஆவியே வராத தேநீரை எதற்கு ஊத வேண்டும்? அதை அவள் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா. நீங்க முதல்ல உடம்பைப் பாருங்க, பாப்பாவைப் பாருங்க" என்றார்.

அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எலும்பக்காவின் உயிரே அதில்தான் இருந்தது. குளிர்ந்த தென்கடலுக்கு இரண்டு மாதப் பயணம். எதற்கு? திமிங்கலச் சாணி அள்ள. சிரிக்காதீர்கள், அவள் வீட்டில் சிரித்தது போதும். பொடி இறால்களை டன் கணக்கில் விழுங்குகிற நீலத் திமிங்கலம் கழிப்பது செங்கல் நிறத்தில் தண்ணீர் மேலே மிதக்கும். அது கலைந்து போவதற்குள் படகை விட்டு, வலையால் கோரி எடுத்துவிட்டால், அதற்குள் இருக்கிற சுரப்பு நீரை, அதாவது ஹார்மோனை, வைத்துச் சொல்லிவிடலாம், இந்தத் திமிங்கலம் சூலாக இருக்கிறது, இது இல்லை என்று. அதன் மேல் ஒரு ஊசி போட வேண்டாம், ஒரு கீறல் வேண்டாம்.

எத்தனை திமிங்கலம் இருக்கிறது என்று எண்ண ஆயிரம் பேர் உண்டு. சூலானதில் எத்தனை பிள்ளையோடு திரும்பி வருகிறது, எத்தனை பிள்ளையைத் தொலைத்துவிட்டு வருகிறது என்று கேட்டவள் எலும்பக்கா. அந்தக் கேள்வி அவளுடையது. வலையை வடிவமைத்ததும் அவள்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலைக்காக ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கப்பலும் கிடைத்து, அதில் ஒரு கட்டிலும் கிடைத்தபோது அவள் வயிற்றில் பிள்ளை. கப்பல் மறுபடி எப்போது அந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. கப்பல் கிளம்பும்போது குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டியிருக்கும், கூழ் சாப்பிடும், பாட்டில் குடிக்கும், நான் கடையை அரை நாளாக்கிக்கொண்டு பார்த்துக்கொள்கிறேன், சித்தியும் வந்து இருப்பாள் என்று அவள் புருஷனே வாயாரச் சொல்லியிருந்தான்.

புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். எலும்பக்காவும் அதைத்தான் சொல்வாள். யார் முகத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று, அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே எடுத்து மாட்டிவிடுவான். நீங்கள் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டு போயிருந்தாலும், அவன் மாட்டியதை வாங்கிக்கொண்டுதான் வெளியே வருவீர்கள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் குட்டி கிழடான கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், கூடவே பல்லைக் கடித்தாள். அவன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டான்.

"விடேன். பார்க்க நல்லாத்தானே இருக்கும்? திமிங்கல அம்மா குட்டிக்காகப் பட்டினி கிடக்கும்னு நீதானே சொன்னே?"

"கிடக்கும். வெதுவெதுப்பான கடல்ல குட்டி போட்டுட்டு, மாசக்கணக்குல ஏறக்குறைய ஒண்ணும் தின்னாம பால் குடுக்கும். குட்டி ஒரு நாளைக்கு ஒரு ஆள் கனம் ஏறும், அம்மா எலும்பும் தோலுமா இளைச்சிடும்."

"பார்த்தியா!"

"என்னத்தைப் பார்த்தியா? அதுக்கு முன்னாடி மூக்கு முட்டத் தின்னு கொழுப்பு சேர்த்து வெச்சிருக்கும், அதைச் சொல்லுங்க. ஏழு மாசத்துல குட்டியை இரை இருக்கிற கடலுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாலை நிறுத்திட்டு, அம்மா அது பாட்டுக்குத் தன் வழியில போயிடும், அதையும் சொல்லுங்க. பட்டினி கிடக்கிற பாதியை மட்டும் எல்லாரும் இறுக்கிப் பிடிச்சுக்கிறீங்க. கிளம்பிப் போற பாதி யார் காதுலயும் விழ மாட்டேங்குது."

குழந்தை ஏப்பம் விட்டது. கட்டிலுக்கு அடியில் அவளுடைய பெட்டி, கனத்த காலுறைகளும் மழைக்கோட்டுமாக, தயாராக இருந்தது.

வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. நாற்காலிகள் போதாமல் ஓரத்தில் நின்றார்கள். முன்வரிசையில் பெரிய மனிதர்கள், அவர்களுக்குப் பின்னால் பயணத்தின் தலைவி. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார், எல்லோருக்கும் அவர் கப்பல் மேடம். அவருக்குப் பக்கத்தில் அருங்காட்சியகத்தின் புள்ளிவிவரக்காரர் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று எலும்பக்காவுக்கு லேசாக ஒரு நெருடல். புள்ளித் தம்பி என்று கூப்பிடுகிற அந்த மனிதர் ஆற்றுப் படகிலேயே வாந்தி எடுக்கிற ஆள். ஆனால் குழந்தை மடியில் நெளிந்துகொண்டிருந்தது, புருஷன் பக்கத்தில் இருந்தான், அவள் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

தேன்பாட்டில் ஒலிபெருக்கி முன்னால் வந்தார். தாய்ப்பாசம் என்று ஆரம்பித்தார். கடலிலும் தாய் தாய்தான் என்றார். குட்டியை அணைத்திருக்கும் துடுப்புகளைப் பாருங்கள் என்று கையை உயர்த்தியதும், கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்து 'ச்சோ, ச்சோ' என்றது. எலும்பக்கா பொறுத்துக்கொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அது வரைக்கும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இந்தத் தாயைப் போலவே நம்ம நிறுவனத்துலயும் ஒரு தாய் இருக்காங்க," என்றார் அவர். குரல் குழைந்தது. "எவ்வளவோ வருஷமாக் கனவு கண்ட கடல் பயணம். ஆனா கைக்குழந்தையை விட்டுட்டுப் போக மனசு வராம, தன் இடத்தைத் தானா முன்வந்து விட்டுக்கொடுத்திருக்காங்க. அவங்களுக்குப் பதிலா நம்ம புள்ளிவிவர அதிகாரி திங்கக்கிழமை கிளம்புறாரு. அந்தத் தாய் உள்ளத்துக்கு எல்லாரும் ஒரு கைதட்டு குடுங்க!"

கைதட்டல் ஓயவே இல்லை. பக்கத்து வரிசைப் பெண்மணி ஒருத்தி எட்டி அவள் தோளைத் தொட்டு, "நீங்கதானா? உங்களை மாதிரி யாருக்கும்மா வரும்" என்றாள். எலும்பக்காவுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. யாரைச் சொல்கிறார்கள்? யார் விட்டுக்கொடுத்தது? எப்போது?

புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் கைதட்டவில்லை. குழந்தையின் கால் உறையைச் சரிசெய்துகொண்டிருந்தான். சரியாகவே இருந்த உறை அது.

"நீங்களா?" என்றாள்.

"போன வாரம் இயக்குநருக்கு ஒரு போன்தான் போட்டேன்," என்றான் அவன், தலையைத் தூக்காமல். "இவர் இப்படி மேடையில சொல்லுவாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்படியானால் மேடையில் சொன்னதுதான் தப்பு! குழந்தையை அவன் மடியில் வைத்தாள். எழுந்தாள். நேராக மேடைக்கு நடந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்துத் தேன்பாட்டில் விலகி வழிவிட்டார். ஜனங்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"தட்டுறதை நிறுத்துங்க," என்றாள். நிறுத்தினார்கள். "மேலே பாருங்க. அது குட்டி இல்லை."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

"அது வேற இனம். முழுசா வளர்ந்து முடிஞ்ச விலங்கு. நான் ஏறிப் போய்த் தடவிப் பார்த்தேன், முதுகெலும்பு மொத்தமும் ஒட்டியாச்சு. நீங்க தாய்னு சொல்ற பெரியதுக்கு இன்னும் ஒட்டி முடியலை. அதாவது, சேய்க்குத் தாயை விட வயசு அதிகம்." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "சிரிங்க, நானும் சிரிச்சேன். ரெண்டும் உயிரோட இருந்தப்போ ஒண்ணை ஒண்ணு திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. துடுப்பை வளைச்சு, நடுவுல கொண்டுபோய்க் கட்டி, பாசம்னு பலகை எழுதி வெச்சுட்டாங்க. எலும்பு என்ன, வாயைத் திறந்து இல்லைன்னு சொல்லவா போகுது?"

தேன்பாட்டில், "அம்மா, அம்மா," என்று முழங்கையைத் தொட வந்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். கை தானாகத் திரும்பிப் போய்விட்டது.

"எனக்கு வாய் இருக்கு. அதனால சொல்றேன். நான் எதையும் விட்டுக்கொடுக்கலை. என் இடத்தை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுத்திருக்காங்க. என் புருஷன் இவருகிட்டப் பேசியிருக்காரு, இவரு கப்பல்காரங்ககிட்டப் பேசியிருக்காரு. ஊரே கூடிப் பேசியிருக்கு. என்கிட்ட மட்டும் ஒருத்தரும் கேட்கலை. கேட்காமலே கைதட்டும் வாங்கிக் குடுத்துட்டாங்க. இந்தக் கைதட்டை நீங்களே வெச்சுக்குங்க."

ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். சுவரில் சாய்ந்து நின்றாள். பின்னாலேயே கப்பல் மேடம் வந்தார்.

"உங்க வீட்டுக்காரரே சொன்னதா இயக்குநர் சொன்னாரு," என்றார். "நானும் சரின்னுட்டேன்."

"என் நம்பர் உங்ககிட்ட இருக்கே, மேடம்?"

அந்த அம்மாள் கடலில் எத்தனையோ புயலைப் பார்த்தவர். இந்தக் கேள்விக்குத் தரையைப் பார்த்தார்.

"இருக்கு," என்றார் கடைசியில். "நான் பேசியிருக்கணும். குழந்தை பெத்தவதானே, அப்படித்தான் இருக்கும்னு நானும் நினைச்சுட்டேன். உங்க வயசுல என்னை யாராவது இப்படிப் பண்ணியிருந்தா தூக்கிக் கடல்ல போட்டிருப்பேன்." மூச்சு விட்டுக்கொண்டார். "உங்க கட்டில் உங்களுக்குத்தான். புள்ளித் தம்பி சந்தோஷமா இறங்கிடுவாரு, பாவம், இப்பவே முகம் வெளுத்துக் கிடக்குறாரு. ஆனா இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்கு நீங்க போன் பண்ணணும். வர்றேன்னாலும் சரி, வரலைன்னாலும் சரி, உங்க வாயால சொல்லணும். வேற யாரு கூப்பிட்டாலும் நான் எடுக்க மாட்டேன்."

வீட்டுக்குள் நுழைந்து, குழந்தையைத் தொட்டிலில் தூங்கவைத்து, கதவைச் சாத்திய பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"உன் நல்லதுக்குத்தான் பண்ணினேன்."

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னீங்கன்னா எனக்கு என்ன பண்ணுவேன்னு தெரியாது."

"நான் பார்த்தேன்மா," என்றான் அவன். அவன் குரலும் உடைந்துதான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். "தினமும் படுக்கும்போது தலையணையில முகத்தை அழுத்திட்டு அழுதியே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? பெட்டியை எடுத்து வைப்பே, குழந்தையோட சட்டையை எடுத்து மோந்து பார்ப்பே, அழுவே. போகவும் முடியாம, போகலைன்னு சொல்லவும் முடியாம தவிக்கிறியேன்னு எனக்கு நெஞ்சு அடைச்சுது. நீ சொல்ல முடியாததை நான் சொல்லிட்டா உன் பாரம் இறங்கிடும்னுதான்..."

"அழுதேன்," என்றாள் எலும்பக்கா. "ஆமா, அழுதேன். அழுதா போக மாட்டேன்னு அர்த்தமா? அழுதுகிட்டே போவேன். மனசு வரலைதான். அவளை விட்டுட்டுப் போகணும்னு நினைக்கும்போதே பால் கட்டிக்கிட்டு வலிக்குது. வராத அந்த மனசை நானே கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறதா இருந்தேன். இல்லை, கடைசி நிமிஷத்துல கப்பல் ஏணியில நின்னு முடியலைன்னு திரும்பி வந்திருப்பேன். எதுவா இருந்தாலும் அது என்னுது. அந்தத் தவிப்பு என்னுதுங்க! அதையும் சேர்த்துப் புடுங்கிட்டீங்களே. இப்போ நான் போனா கல்நெஞ்சுக்காரி. போகலைன்னா தெய்வத்தாய். நடுவுல நான் எங்கே இருக்கேன்? சொல்லுங்க, நான் எங்கே இருக்கேன்?"

அவள் கத்திய கத்தலில் தொட்டிலில் குழந்தை ஒரு தடவை சிணுங்கி, மறுபடி அடங்கியது. அவன் நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டான்.

"தப்புதான்," என்றான். "சரி, போயிட்டு வா. நான் தடுக்கலை. நீ போறதுல எனக்குச் சம்மதம்தான்."

இந்த மனுஷனுக்கு என்னத்தைச் சொல்லிப் புரியவைப்பது! அவளுக்குச் சிரிப்புகூட வந்தது, கசப்பாக. "உங்க சம்மதத்தை யாரு கேட்டா?" என்றாள்.

போனை எடுத்தாள். அவன் கண் முன்னாலேயே எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"நான்தான் பேசுறேன் மேடம். வர்றேன்."

அவ்வளவுதான். போனை மேசை மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வைத்த சத்தமோ, இல்லை பசியோ, குழந்தை வீறிட்டு எழுந்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அசைந்தார்கள். அவளுக்குப் பால் பொங்கி ரவிக்கை நனைந்தது. அவன் போய்த் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கி, ஆறு மாதப் பழக்கத்தில், நேராக அவளிடம் கொண்டுவந்து நீட்டினான்.

அவள் இரண்டு கைகளையும் நாற்காலியின் ஓரத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டில் அடுப்படியில இருக்கு," என்றாள். "ரொம்பச் சூடு பண்ணாதீங்க."

அவன் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, அலறுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனான். பாத்திரம் உருண்டது, குழாய் திறந்தது, "இதோ, இதோடா கண்ணு" என்று அவன் கெஞ்சுவது கேட்டது. அழுகை ஓய வெகு நேரம் ஆனது. அவளும் அழுதாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.